ஏட்டு மதிப்பு

கையில் இருபத்தோராயிரத்து ஐநூறு.
சீட்டைத் தள்ளி எடுத்தது.
தள்ளில் போனதை இங்கே எழுதவில்லை.

காந்திபுரத்தில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
கேமுக்கா, எடிட்டிங்குக்கா என்றார் இலியாஸ்.
கணக்குப்பதிவியலுக்கு என்றேன்.
பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம்,
அதை வீட்டிலிருந்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அவர் முதலில் திறந்து காட்டிய பெட்டிக்குள்
நோம்பிக்குப் பந்தல் போட்ட மாதிரி
சிவப்பும் நீலமுமாய் நான்கு விசிறிகள்.
நான்கு சுற்றியும்
விலை கேட்டதும் வியர்த்தது.

மூலையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி,
டிபன் கேரியரைப் படுக்கவைத்த அளவு.
நெற்றியில் பழைய அலுவலகம் ஒட்டிய சீட்டு:
சொத்து எண் 317.
ஐந்தாம் வருஷத்தோடு தேய்மானம் முடிந்து
அவர்கள் ஏட்டில் அதன் மதிப்பு ஒரு ரூபாய்.
இலியாஸ் ஏட்டில் ஒன்பதாயிரத்து எண்ணூறு.

எட்டு ஜிபி ராம் திணறும் டீச்சர்,
ஸ்லைடு, முகம், நீங்க எழுதறது
மூணும் ஒண்ணாப் போகணுமில்ல, பதினாறு ஆக்கிருங்க.
ஆயிரத்து எழுநூறு.
பத்தொன்பது அங்குல மானிட்டர், ஓரத்தில் ஒரு கீறலோடு, மூவாயிரத்து இருநூறு.
எழுதும் பலகை இரண்டாயிரத்து எண்ணூறு.
அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.
கூட்டல்தான் நிற்கவில்லை.

மிச்சம் நாலாயிரம்.
கேமராவா, மைக்கா?

கேமராவை மாட்டிக் காட்டினார்.
மூக்குத்திக்கு மேலே ஒரு மரு.
இத்தனை வருஷம் எங்கே இருந்தது?

சகாயமேரிக்கு இரவு எட்டரை என்றால்
கஞ்சிக்கோட்டில் பிஸ்கட் அடுக்கும் நேரம்.
போனை ஏப்ரன் பைக்குள் போட்டு
ஒரு காதில் என்னை மாட்டிக்கொள்வாள்,
மறு காது சூப்பர்வைசருக்கு.
ஐந்து மாதமாய் என் முகத்தைப் பார்த்ததே இல்லை.
போன வாரம் எழுதியிருந்தாள்:
டீச்சர், ஐந்தொகை புரிஞ்சுது. காத்துதான் புரியல.

கொழிஞ்சாம்பாறையில் அதை யாரிடம் போய்ச் சொல்ல.
கணவாய் திறந்த வாயோடு கிடக்கிறது.
ஜன்னலைச் சாத்தினால் ஓடு பேசும்,
கம்பளியைத் தொங்கவிட்டால் கம்பளி பேசும்,
வெளியே நாற்பது பனை, ஒவ்வொன்றுக்கும் அபிப்பிராயம்.
நிகர லாபம் என்று நான் சொல்லும் ஒவ்வொரு முறையும்
அவளுக்கு லாபம் காற்றோடு போயிருக்கிறது.

மைக்கே கொடுங்க என்றேன்,
அந்தப் பஞ்சுக் குல்லா போட்டது, மூவாயிரத்து நானூறு.
முகத்துக்கு?
போன் இருக்கு. புளி டப்பா மேல சாய்ச்சு வெச்சுக்குவேன்.

வேலந்தாவளம் பஸ்ஸில் மடிமேல் 317.
பக்கத்து சீட்டுக்காரர் மிக்ஸியா என்று கேட்டார்.
பாலம் தாண்டும்போது போன்
எந்த மாநிலம் என்று கொஞ்ச நேரம் யோசித்தது.

எட்டரை.
பாடம் தேய்மானம், நேர்கோட்டு முறை.
உதாரணத்துக்கு அந்தப் பெட்டியையே வைத்தேன்.
வாங்கிய விலை நாற்பத்தெட்டாயிரத்து ஒன்று என்று வைத்துக்கொள்வோம்,
வகுக்கச் சுலபமாய் இருக்கட்டும்.
ஆயுள் ஐந்து ஆண்டு. இறுதி மதிப்பு ஒன்று.
ஆண்டுக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு தேய்கிறது.
தேய்ந்து முடிந்தது
என் மேஜையில் உறுமாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இன்பராசு மைக்கைத் திறந்தான்:
ஒத்த ரூபாப் பொருளை
அவ்வளவு குடுத்து எதுக்கு டீச்சர் வாங்கினீங்க?

பதில் இருந்தது, புத்தகத்திலேயே,
ஏட்டு மதிப்பு வேறு, சந்தை மதிப்பு வேறு என்று.
ஏனோ உடனே வாயில் வரவில்லை.
திரையில் பதின்மூன்று கட்டங்கள்,
ஒன்றில் முகமில்லை, வட்டத்துக்குள் ‘ச’ மட்டும்.

அதன் கீழே எழுத்து முளைத்தது:
டீச்சர், நீங்க சும்மா இருக்கறதுகூடக் கேக்குது.
உங்க வீட்டுப் பல்லியும்.